நிலம் வாங்கியதும் ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள்

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர், திருவள்ளூர்ப் பக்கம் ஒரு ஏக்கரோ அரை ஏக்கரோ வாங்கிப் போட்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாங்கப்போகிறவர்களும் படிக்கலாம். பத்திரம் முடிந்து பட்டா பெயர் மாறியதும் நம் ஆட்கள் முதலில் செய்கிற வேலை, மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி ஜேசிபியை இறக்குவதுதான். புதர், முள், கொடி எல்லாவற்றையும் வழித்து ஓரமாகக் குவிக்கிறார்கள். காய்ந்ததும் தீ வைக்கிறார்கள். அடுத்த மாதம் எனக்குப் போன் வருகிறது: "இடம் ரெடி, என்ன மரம் வைக்கலாம்?"

நீங்கள் வைக்க வேண்டிய மரங்கள் அங்கேதான் இருந்தன. இடுப்பளவு உயரத்தில் முள்ளோடு முள்ளாக நின்றதால் உங்கள் கண்ணுக்கு அவை மரமாகத் தெரியவில்லை.

நம் கடலோரத்துக் காடு மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டைப் போல ஓங்கி வளர்வது அல்ல. சோழமண்டலக் கரையை ஒட்டி ஒரு காலத்தில் பரவிக் கிடந்தது உலர் பசுமைமாறாக் காடு. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில் வெயில். அந்த வெயிலிலும் இலையை உதிர்க்காமல் நிற்கும் மரங்கள் இவை: பாலை, வீரை, காயா, கருங்காலி, காட்டு எலுமிச்சை. இடையிடையே நாவல், வேம்பு, பனை. அடியில் களா, காரை, சூரை, சங்கஞ்செடி. அவற்றின் மேலே படர்ந்து ஏறும் ஆதொண்டையும் பிரண்டையும். முழுதாக வளர்ந்தாலும் இரண்டு மூன்று மாடி உயரத்தைத் தாண்டாது. வளர்ச்சியும் மெதுவானது.

தலைமுறை தலைமுறையாக விறகுக்கு வெட்டியும், ஆடு மாடு மேய்ந்தும், தீப்பட்டும் இந்தக் காடு முட்புதராகச் சுருங்கிவிட்டது. ஆனால் வேர் சாகவில்லை. வெட்டுப்பட்ட காயாவும் காட்டு எலுமிச்சையும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி மறுபடி துளிர்த்துக்கொண்டே இருக்கும். மேலே தெரிகிற குச்சியை வைத்து அந்த வேரின் வயதைச் சொல்லிவிட முடியாது. ஜேசிபியின் வாளி பிடுங்கி எறிவது அந்த வேரைத்தான். நர்சரியில் எவ்வளவு விலை கொடுத்துக் கன்று வாங்கி வந்தாலும் அதற்கு ஈடாகாது. மேய்ச்சலையும் வெட்டுவதையும் நிறுத்திவிட்டு, தீ வராமல் பார்த்துக்கொண்டால், பழைய வேரிலிருந்து வரும் குருத்து தண்ணீர் ஊற்றாமலே எழும்பும்.

சென்னைக்குள் மிஞ்சியிருக்கிற காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி, நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் கை வைக்காமல் விட்டதால் மிஞ்சியது. கிண்டி, ஆளுநர் மாளிகையை ஒட்டிய வேட்டைக்காடாக இருந்தது. 1910இல் காப்புக்காடு ஆனபோது சுமார் 505 ஹெக்டேர். இன்று தேசியப் பூங்காவாக இருப்பது சுமார் 270 ஹெக்டேர். 1950களின் இறுதியில் அந்தக் காட்டில் ஒரு பகுதி ஐஐடிக்குப் போனது. கட்டடங்களுக்கு நடுவே புதரையும் புல்வெளியையும் விட்டு வைத்ததால் வெளிமான் இன்றும் அங்கே திரிகிறது. அடையாற்றில் பிரம்மஞான சபை 1882இல் வந்து அமர்ந்தது. தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்திலிருந்து இடம் மாறி வந்தது. இந்த இரண்டு வளாகமும் தனியார் நிலங்கள்தான். சுற்றியிருந்த ஊரெல்லாம் கட்டடமாக மாறியபோது அவை காடாக நின்றன.

இன்னும் பழைய உதாரணம் வேடந்தாங்கல். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம் என்பதை அந்த ஊர் விவசாயிகள் அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுடுவதைத் தடுக்க 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் உத்தரவு வாங்கினார்கள். வனத்துறையோ சரணாலயமோ இல்லாத காலம் அது. தங்கள் வயலுக்கு எது நல்லது என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் செய்த வேலை. நிலம் வைத்திருப்பவருக்கும் காட்டுயிருக்கும் பகை என்று பேசுகிறவர்களிடம் நான் வேடந்தாங்கலைத்தான் சொல்வேன்.

போன வருடம் உடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அச்சிறுபாக்கம் பக்கம் நிலம் வாங்கினார். புதரை விட்டு வையுங்கள் என்று சொன்னதற்கு அவர் சொன்ன பதில் நியாயமானது. "அண்ணா, லோன் போட்டு வாங்கின எடம். அப்படியே விட்டா யாரும் வரலன்னு நெனச்சு எவனாவது உள்ள பூந்துடுவான். க்ளீன் பண்ணி வெச்சாதான் நம்ம எடம்னு தெரியும்." நிறையப் பேர் புதரை வழிப்பதற்கு உண்மையான காரணம் இந்தப் பயம்தான். அழகுக்காகச் செய்கிறவர்கள் குறைவு. சென்னையில் இருந்துகொண்டு ஊரில் நிலம் வைத்திருப்பவர் யாருக்கும் இந்தப் பயம் இல்லாமல் இருக்காது.

ஆனால் ஆக்கிரமிப்பைத் தடுக்க முழு நிலத்தையும் மொட்டையடிக்க வேண்டியதில்லை. சர்வேயரை வைத்து அளந்து எல்லைக்கல் நடுங்கள். எல்லையை ஒட்டி ஆறடி அகலத்துக்கு மட்டும் ஆள் வைத்துக் கையால் வெட்டி நடைபாதை விடுங்கள். கோடையில் பக்கத்து நிலத்திலிருந்து தீ பரவாமல் தடுக்கவும் அதே பாதை உதவும். அதற்கு உள்பக்கமாகக் கிளுவைப் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைத் துண்டுகளை, நெருக்கமாக நட்டால் சில வருடத்தில் உயிர்வேலி. பனங்கொட்டையை வரிசையாகப் புதைத்தால் பிள்ளைகள் காலத்துக்கு எல்லை சொல்லும். கம்பிவேலிதான் போடுவேன் என்றால் அடியில் அங்கங்கே கொஞ்சம் இடைவெளி விடுங்கள். கீரியும் முயலும் போய்வரட்டும்.

அடுத்த பயம் பாம்பு. இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் பக்கம் உள்ளவை. ஆகவே வீடோ ஷெட்டோ கட்டும் இடத்தைச் சுற்றி நன்றாக வெளிச்சமாக, திறந்த தரையாக வைத்துக்கொள்ளுங்கள். விறகையும் செங்கல்லையும் சுவரோரம் அடுக்காதீர்கள். எலி வரும்படி தீவனத்தையும் அரிசியையும் போட்டு வைக்காதீர்கள், எலி வந்தால் பாம்பும் வரும். இருட்டில் நடந்தால் டார்ச்சும் ஷூவும் வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு நிலத்தின் மறுகோடியில் இருக்கும் புதரை விட்டுவிடலாம். அங்கே சாரையும் கீரியும் ஆந்தையும் இருந்தால் எலிக்கு மருந்து வைக்கும் வேலை உங்களுக்குக் குறையும்.

நான் எல்லோரையும் கேட்டுக்கொள்ளும் ஒரு காரியம் இருக்கிறது. ஜேசிபிக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கிற காசை, அந்த ஊரில் இருக்கும் இருளர் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் கூலியாகக் கொடுங்கள். அவரோடு உங்கள் நிலத்தை முழுக்கச் சுற்றி வாருங்கள். நம் மாவட்டத்தில் செடியையும் வளையையும் தடத்தையும் அவர்கள் அளவுக்குப் படித்தவர்கள் இல்லை. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்துதான் நாட்டின் பல பகுதிகளுக்குப் போகும் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அந்த அறிவு உங்கள் நிலத்துப் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. எங்கள் குடும்ப நிலத்தில் ஒரு பெரியவர் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு குத்துச் செடியைக் காட்டி, "இத்த வெட்டிடாத சார். மேலதான் சின்னதா கீது, வேரு பெருசு. முயலு இதுக்குள்ளதான் குட்டி போடும்" என்றார். காரைப் புதர் அது. அவர் கை காட்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு துணி கட்டி வைத்தோம். வேலைக்கு வந்தவர்கள் துணி கட்டியதைத் தொடவில்லை.

சீமைக்கருவேலத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் மொத்தமாக எடுப்பதை எதிர்க்கிறேன். அதன் நிழலிலேயே, பறவை எச்சத்தில் விழுந்த வேம்பும் நுணாவும் களாவும் முளைத்து நிற்பதைக் குனிந்து பார்த்தால் தெரியும். மொத்தமாக வழித்தால் அவையும் போகும். வெறும் மண்ணில் கிடக்கும் சீமைக்கருவேல விதைகள் அடுத்த மழையில் மறுபடி அடர்ந்து முளைக்கும். ஆடு மாடு காயைத் தின்று சாணத்தில் புதிதாகவும் கொண்டு வரும். முதலில் நம் மண்ணின் கன்றுகளைச் சுற்றி இருப்பதை மட்டும் எடுத்து அவற்றுக்கு வெளிச்சம் கொடுங்கள். அடுத்த வருடம் கொஞ்சம், அதற்கடுத்த வருடம் கொஞ்சம். தரைமட்டத்தில் வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே தோண்டி, வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதுக் கன்றுகளைக் கையால் பிடுங்குவது சலிப்பான வேலை, ஆனால் நிலத்தைக் காப்பாற்றுவது அதுதான்.

பட்டுப்போன மரத்தை விட்டு வையுங்கள். தலை போன மொட்டைப் பனையைச் செங்கல் சூளைக்கு விற்றால் வருவது சொற்பக் காசு. அதன் பொந்தில் கிளி, மைனா, பனங்காடை, புள்ளி ஆந்தை என்று மாறி மாறிக் குடியிருக்கும். உயிரோடு இருக்கும் பனையின் காய்ந்த ஓலையைக்கூட முழுக்கக் கழிக்காதீர்கள், பனை உழவாரன் கூடு ஒட்டுவது அந்த ஓலையின் அடிப்பக்கத்தில். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். சந்தனம் உங்கள் பட்டா நிலத்தில் தானாக முளைத்திருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் வெட்டக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பது வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. நிலம் நம்முடையது என்பதால் அந்தச் சட்டம் வேலியோடு நின்றுவிடாது. பண்ணை நிலம் விற்கும் கம்பெனிகள் இதை யாரிடமும் சொல்வதில்லை.

சருகையும் எரிக்காதீர்கள். புரட்டாசி, ஐப்பசியில் வடக்கேயிருந்து ஆறுமணிக் குருவி வருகிறது. புதருக்கு அடியில் சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்று, பங்குனி, சித்திரை வரை இங்கேயே இருக்கும். கூட்டிப் பெருக்கிய தோட்டத்தில் அதற்கு இரை கிடையாது. வண்ணத்துப்பூச்சிக்காகப் பூச்செடி வாங்குகிறவர்கள், அதன் புழு எதைத் தின்னும் என்றும் யோசிக்க வேண்டும். காட்டு எலுமிச்சையும் ஆதொண்டையும் இருந்தால் அவற்றில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் தாமாக வரும்.

ஏற்கெனவே வழித்துவிட்ட நிலத்தை வாங்கியிருந்தால் நடத்தான் வேண்டும். அப்போதும் 'பதினைந்து வருடத்தில் கோடி' என்று மகோகனியைத் தள்ளுகிறவர்களின் பேச்சைக் கேட்காமல், பக்கத்துக் கோயில்காட்டிலும் ஏரிக்கரையிலும் மலையடிவாரத்திலும் என்ன நிற்கிறது என்று பார்த்து நடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது நம் தெருக்களில் சாய்ந்தவற்றில் வேகமாக வளரும் வெளிநாட்டு மரங்கள் எத்தனை என்று நாம் எல்லோரும் பார்த்தோம். பாலைக் கன்று வேண்டுமென்று நர்சரியில் கேட்டால் தனியாக வைத்திருக்கிறவர்கள் குறைவு. சப்போட்டா ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகப் பயன்படுத்துவது பாலையைத்தான், அதனால் ஒட்டுக்கட்டும் பண்ணைகளில் கேட்டுப் பாருங்கள். ஆடிப் பட்டத்துக்கு அவசரப்படாமல் புரட்டாசிக் கடைசியில் நட்டால், கன்றுக்கு வடகிழக்கு மழை முழுசாகக் கிடைக்கும்.

மியாவாக்கி முறையைப் பற்றியும் கேட்கிறார்கள். அகிரா மியாவாக்கி ஜப்பானில் உருவாக்கிய, நெருக்கமாக நட்டுக் காடு வளர்க்கும் முறை, சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று. குப்பையும் இடிபாடும் கொட்டிக் கெட்டுப்போன நகரத்து மண்ணில் அதைச் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல புதர்க்காட்டை அழித்துவிட்டு அந்த இடத்தில் செய்வதைத்தான் ஏற்க முடியவில்லை. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கியபோது மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது இலக்கு என்றார்கள். நல்ல இலக்கு. நட்ட கன்றுகளைக் கணக்கெடுப்பது போலவே, நிற்கிற புதரை அழிக்காமல் வைத்திருக்கும் பட்டாதாரரையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஒரு சான்றிதழாவது கொடுக்க வேண்டும் என்று வனத்துறையில் இருப்பவர்கள் யாராவது படித்தால் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கம்பக்கத்தில் வேர்க்கடலை, நெல் போடுகிறவர்களையும் மறக்கக் கூடாது. உங்கள் புதரிலிருந்து பன்றியும் மயிலும் அவர்கள் வயலில் இறங்கினால் நட்டம் அவர்களுக்கு. அந்தப் பக்கத்து எல்லையில் கூடுதலாக இடம் விட்டுத் திறந்து வையுங்கள். அறுவடைக்கு முந்தின வாரங்களில் அவர்கள் காவலுக்கு ஆள் போட்டால் செலவில் பங்கு கொடுங்கள். எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் இப்போது எங்களோடு சேர்ந்துதான் வரப்போரத்துப் புதரைக் காக்கிறார்.

ஜேசிபிக்கு முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் இதைப் படித்தால், வண்டியை வீடு கட்டும் இடத்துக்கும் குட்டை வெட்டும் இடத்துக்கும் மட்டும் விடுங்கள். குட்டையின் ஒரு பக்கமாவது செங்குத்தாக இல்லாமல் சரிவாக இருக்கட்டும், தண்ணீர் குடிக்க இறங்கும் உயிர்கள் திரும்ப ஏறி வர வேண்டும். மற்ற இடத்தை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அப்படியே விட்டுப் பாருங்கள். பெயர் தெரியாத செடி இருந்தால் இலை, காய், தண்டு மூன்றும் தெரியும்படி படமெடுத்துக் கீழே கமெண்டில் போடுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை, தெரிந்த பெரியவர்களிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.