எதுக்கும் இருக்கட்டும்னு போட்டீங்களா?

நேற்று காலையிலிருந்து எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். எந்த ஆடியோவைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ரங்கூனில் தமிழ் பேசுகிற வீடு ஒன்று பாக்கியில்லாமல் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. இத்தாலியில் சூப்பர் எரிமலை முழித்துக்கொண்டது, அதைச் சுற்றி பூமி நிற்காமல் ஆடுகிறது, அது வெடித்தால் நம்ம பர்மாவில் பூமிக்கடியில் இருக்கிற பிளவும் மறுபடி திறக்கும், நம்ம பழைய எரிமலையான போப்பா மலையும் கக்கும், வெள்ளிக்கிழமை ராத்திரி யாரும் வீட்டுக்குள் படுக்காதீர்கள் என்று ஐந்து நிமிஷம் ஒரு குரல் பேசுகிறதே, அதேதான். யார் குரல், எந்த ஊர், எங்கே கேள்விப்பட்டார், ஒரு விவரமும் கிடையாது.

குரூப்பில் அதைப் போட்டவரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். "மாமா, இது எங்கேருந்து வந்தது?" பதில் ஒரே வரி. "எதுக்கும் இருக்கட்டும்னு போட்டேன்மா." சரி, யார் சொன்னது என்றாவது தெரியுமா என்று அடுத்த கேள்வி கேட்டதும், பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே என்று நாலு பேர் வந்துவிட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் நான் குரூப்பிலேயே இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எதுக்கும் இருக்கட்டும். அந்த இரண்டு வார்த்தை எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

என் சித்தி மாண்டலேக்காரி. 2025 மார்ச் 28, பூகம்பம் வந்த அந்த வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பின்சுவர் அப்படியே வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. சித்தி உயிரோடு வெளியே வந்தார். பக்கத்து வீட்டு அண்ணன், ரம்ஜான் மாசத்தின் கடைசி வெள்ளித் தொழுகைக்குப் போனவர், பள்ளிவாசலிலிருந்து திரும்பவில்லை. அன்றைக்கு மாண்டலேயிலும் பக்கத்து ஊரான சகாயிங்கிலும் எத்தனை பள்ளிவாசல், எத்தனை கோபுரம், எத்தனை மாடி விழுந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு சித்தி மூன்று வாரத்துக்கு மேல் தெருவில், தார்ப்பாயும் கொசுவலையுமாக, அந்த வெயிலில் கிடந்தார். பஸ் பிடித்துப் போய் நான்தான் ரங்கூனுக்குக் கூட்டி வந்தேன்.

எங்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். வாசலில் மடக்கு இரும்புக் கதவு, ராத்திரி உள்பக்கமாகப் பூட்டு. ஆடியோ சொன்ன அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி நாங்கள் எல்லாரும் தூங்கிவிட்டோம். சித்தி தூங்கவில்லை. யாரோ அவர் போனுக்கும் அந்த ஆடியோவை அனுப்பியிருக்கிறார்கள், எதுக்கும் இருக்கட்டும் என்று. விடிகாலை இரண்டு மணிக்குக் கீழே ஒரு லாரி போயிருக்கிறது. அது போனால் எங்கள் ஜன்னல் கண்ணாடி எப்போதுமே கடகடவென்று அடிக்கும், எங்களுக்குப் பழக்கம். சித்திக்குப் பழக்கமில்லை. கரண்டும் இல்லை. நான் எழுந்து வந்தபோது, இருட்டில் அந்த இரும்புக் கதவின் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பூட்டைத் தடவிக்கொண்டிருந்தார். சாவி மூன்று தடவை கீழே விழுந்தது. சித்தி, ஒண்ணுமில்லை, லாரிதான் என்கிறேன், காதில் ஏறவேயில்லை. பூட்டு திறந்ததும் ஓடினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மழைத்தண்ணீர் ஒழுகியிருந்தது. வலது மணிக்கட்டு உடைந்து, இப்போது முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

அன்றைக்குப் பூமி ஆடவில்லை. இத்தாலியில் எதுவும் வெடிக்கவில்லை. போப்பா இருந்த இடத்தில் இருக்கிறது. உடைந்தது என் சித்தியின் கை மட்டும்தான்.

இனி அந்த ஆடியோவில் உள்ள விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, அதையும் திரித்துவிடாதீர்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்கு மேற்கே காம்பி ஃபிளெக்ரே என்று ஒரு இடம். மலை மாதிரி கூம்பாக இருக்காது. 12, 15 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பெரிய பள்ளம், பாதி கடலுக்குள். சுமார் 40,000 வருஷத்துக்கு முன்னால் பயங்கரமாக வெடித்தது. கடைசியாக வெடித்தது 1538-ல். ஒரு வாரத்தில் ஒரு சின்ன மலை முளைத்தது, அதற்குப் பெயரே மோண்டே நுவோவோ, புது மலை. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 490 வருஷமாக வெடிப்பில்லை.

ஆனால் அந்த மண் சும்மா இருப்பதும் இல்லை. ஏறும், இறங்கும். அங்கே பொட்சுவோலி என்ற ஊரில் ரோமானியர் காலத்துச் சந்தை ஒன்று இருக்கிறது. அதில் மூன்று பளிங்குத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அந்தத் தூண்களில், ஆள் உயரத்துக்கு மேலே, கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள். அதாவது தரை கடலுக்குள் இறங்கி, சிப்பி குடியேறி, பிறகு மறுபடி மேலே வந்திருக்கிறது, தூண் சாயாமலே. இதைப் படித்த அன்றைக்குப் படத்தைச் சித்தியிடம்கூடக் காட்டினேன். 1982 முதல் 1984 வரைக்கும் அங்கே தரை 1.8 மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன அதிர்வுகள் கொத்துக் கொத்தாக வந்தன. சுமார் 40,000 பேரை ஊரை விட்டு எடுத்தார்கள். வெடித்ததா? இல்லை. தரை மெல்லத் திரும்ப இறங்கியது. 2005 முதல் மறுபடி ஏறுகிறது. 2025 மார்ச்சில் 4.6 அளவில் ஒரு அதிர்வு, ஜூன் 30-ல் அதே அளவில் இன்னொன்று. அங்கே உள்ளவர்களுக்கு அது லேசான விஷயமே இல்லை, கூரைக்கு மேல் கூரை வைத்த மாதிரி நெருக்கமான ஊர். அதனால்தான் 1841-லிருந்து இருக்கிற வெசூவியஸ் எரிமலை ஆய்வகம் ராப்பகலாக அளக்கிறது, வாராவாரம் அறிக்கை போடுகிறது. 2012-லிருந்து மஞ்சள் எச்சரிக்கை. அதற்கு மேல் ஆரஞ்சு இருக்கிறது, சிவப்பு இருக்கிறது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து அளப்பவர்கள் ஒருத்தர்கூட "வெள்ளிக்கிழமை" என்று சொல்லவில்லை. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் போனைப் பிடித்திருப்பவர் சொல்கிறார்.

நம்ம பிளவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சகாயிங் பிளவு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் இரண்டு பக்கமும் வருஷத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எதிரெதிராக நகரப் பார்க்கின்றன. நகர முடியாமல் இறுகி, ஒரு நாள் விடும். மார்ச்சில் 7.7 அளவில் விட்டது. அதை இழுக்கவோ விடவோ நேப்பிள்ஸில் யாரும் தேவையில்லை. 4.6-ஐ விட 7.7-க்குப் பல்லாயிரம் மடங்கு சக்தி. அந்த 7.7 பக்கத்தில் நின்று குலுக்கியபோதே போப்பா ஒரு புகை விடவில்லையே, இத்தாலியில் ஆடிய 4.6-க்கா கக்கப் போகிறது? அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்று ஒரு எரிமலை, ஆடியோவில் அதையும் இழுத்திருக்கிறார்கள். 1959 ஆகஸ்டில் அதன் பக்கத்திலேயே 7.3 வந்தது. மலைச்சரிவு விழுந்து, மொத்தம் 28 பேர் செத்தார்கள். எரிமலை வெடிக்கவில்லை. அங்கே சாதாரண வருஷத்திலேயே ஆயிரத்துக்கு மேல் அதிர்வுகள் பதிவாகின்றன. கொத்துக் கொத்தாக அதிர்வது அந்த மாதிரி இடங்களின் சுபாவம்.

2025 ஆரம்பத்தில் கிரீஸில் சான்டோரினித் தீவு ஆயிரக்கணக்கான தடவை ஆடியது. பத்தாயிரத்துக்கு மேல் ஜனம் கப்பலிலும் விமானத்திலும் கிளம்பியது. வெடிப்பு வரவில்லை. அங்கே கிளம்பச் சொன்னதில் தப்பே இல்லை, ஆடியது அவர்கள் காலுக்குக் கீழே. எங்கள் காலுக்குக் கீழே அன்றைக்கு ஓடியது லாரி.

"நீ என்ன விஞ்ஞானியா?" என்று கேட்பீர்கள். இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். ஆடியோ போட்டவரும் விஞ்ஞானி இல்லை, அவரை ஏன் யாரும் கேட்கவில்லை?

"லாகுயிலாவில் என்ன நடந்தது, விஞ்ஞானிகள் பயப்படாதேன்னாங்க, ஊரே போச்சே" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டான். நல்ல கேள்வி, அதைத் தள்ளிவிட மாட்டேன். 2009-ல் அந்த இத்தாலிய ஊரில் மாசக்கணக்காகச் சின்ன அதிர்வுகள். ஜனங்களைச் சமாதானப்படுத்தினார்கள். ஏப்ரல் 6-ல் 6.3 வந்து 309 பேர் செத்தார்கள். ஆறு விஞ்ஞானிகளுக்கும் ஒரு அதிகாரிக்கும் 2012-ல் தண்டனை, 2014-ல் விஞ்ஞானிகள் ஆறு பேரையும் விடுவித்தார்கள். ஒண்ணும் வராது என்று சொல்வது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னதுதானே அங்கேயும் தப்பு? நீங்களும் அதைத்தானே செய்தீர்கள்?

பூகம்பம் வரும், மறுபடியும் வரும். இதை நான் மறைக்கவே இல்லை. என் அப்பத்தா ரங்கூனுக்கு வடக்கே பெகு என்ற ஊரில் பிறந்தவர். 1930 மே 5, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பூகம்பத்தில் பெகு விழுந்தபோது அவருக்கு ஒன்பது வயது. ஸ்வேமோதோ என்ற புத்தர் பகோடாவே சரிந்தது, ஐந்நூறு பேர் போல ஊரில் செத்தார்கள். மறுநாளிலிருந்து "இன்னிக்கு ராத்திரி மறுபடி" என்று எவனோ கிளப்பிவிட்டானாம். எல்லாரும் குழந்தை குட்டியோடு களத்துமேட்டில் போய்ப் படுத்தார்கள். விடிந்து வந்து பார்த்தால் அடுக்களையில் ஒரு பித்தளைக் குடம் மிச்சமில்லை. "பூமி எடுத்துக்கலடி, ஆளுதான் எடுத்துக்கிட்டான்" என்று அப்பத்தா சாகும்வரை சொல்வார். மறுபடி வந்தது, உண்மைதான். ஏழு மாசம் கழித்து, டிசம்பரில், நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, பியூ என்ற ஊரில். அந்தத் தேதியை யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஏப்ரலில் நாம் பார்க்கவில்லையா? டிக்டாக்கில் ஒரு ஜோசியர் 21-ஆம் தேதி எல்லா ஊரும் ஆடும் என்றார். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். அன்றைக்கு ரங்கூன் மகாபந்துலா பார்க்கில் ஜனம் கூடாரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை, மறுநாள் அவரைப் பிடித்தார்கள். மூன்று மாசத்துக்குள்ளேயே மறந்துவிட்டோமா? போலீஸ் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அனுப்புவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கை நிற்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எச்சரிக்கை நல்லதுதானே என்கிறீர்கள். ஏப்ரல் கடைசியில் அதே குரூப்பில் நானும் ஒரு எச்சரிக்கை போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? பூட்டுச் சாவியைக் கதவுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் ஆணியில் மாட்டுங்கள், பீரோவைச் சுவரோடு இறுக்குங்கள், ஆடும்போது மாடிப்படியில் ஓடாதீர்கள், மேஜைக்குக் கீழே போய்த் தலையை மூடுங்கள், தலைமாட்டில் டார்ச்சும் செருப்பும் வையுங்கள் என்று. இரண்டு பேர் பார்த்ததாகக் கட்டைவிரல் போட்டார்கள். மாமா அதற்குக் கீழேயே ஒரு காலை வணக்கம் பூப்படம் போட்டார். அது தேதி இல்லாத எச்சரிக்கை, யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நானும் எழுதினேனே தவிர, எங்கள் வீட்டுச் சாவியை மேஜை டிராயரில்தான் வைத்திருந்தேன். அதுவும் என் மனசை அறுக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். சித்தி தெருவில் படுத்திருந்த அத்தனை நாளில், இந்த நாலு பேரில் ஒருத்தர்கூட "சித்தி எப்படி இருக்காங்க" என்று கேட்கவில்லை. தார்ப்பாய் வாங்கக் காசு திரட்டியபோது குரூப் அமைதியாக இருந்தது. இடிந்த வீட்டு வீடியோ மட்டும் வந்துகொண்டே இருந்தது. அந்த வீடியோ ஒன்றில் சித்தியின் தெரு இருந்தது. அடுத்தவர் போட்ட வீடியோவில்தான் எங்கள் சித்தி வீட்டுச் சுவர் போனதை நான் பார்த்தேன், தெரியுமா?

மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ரத்த சொந்தம் இல்லாவிட்டாலும் உங்களை மாமா என்று கூப்பிட்டே வளர்ந்தவள் நான். என் கல்யாணத்தில் முதல் அட்சதை நீங்கள் போட்டது. உங்களை அவமானப்படுத்துவதற்காக எழுதவில்லை. குரூப்பில் திரும்பச் சேர்க்கவும் வேண்டாம். ஒரு நாள் வீட்டுக்கு வந்து சித்தியைப் பாருங்கள். அந்தக் குரல் பொய் என்று நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள், நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். நேற்றும் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வெள்ளி என்ன தேதி என்று கேட்டார்.

நாலாவது மாடி. கீழே தெருவில் நின்று, எங்கள் பால்கனியிலிருந்து தொங்குகிற கயிற்றை இழுங்கள், மேலே மணி அடிக்கும். வாசல் சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்கி விடுகிறேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒழுகும், பார்த்து ஏறி வாருங்கள்.