பாலிங் கண்டது மின்னேற்றத்தை, அமினோ அமிலத்தை அல்ல
அரிவாள் செல் இரத்தசோகைக்குக் காரணமான ஒற்றை அமினோ அமில (புரதத்தின் கட்டுமான அலகு) மாற்றத்தை 1949-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் கண்டுபிடித்தார் என்றும், அந்நோயாளிகளின் சிவப்பணுக்கள் எப்போதும் அரிவாள் வடிவிலேயே இருக்கும் என்றும் சொன்னால், இரண்டுமே பிழை. பாலிங்கும் அவருடைய குழுவினரும் அவ்வாண்டில் காட்டியது, நோயாளிகளின் ஹீமோகுளோபின் (சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) மின்புலத்தில் இயல்பான ஹீமோகுளோபினிலிருந்து மாறுபட்டு நகர்கிறது, அதாவது அதன் மின்னேற்றம் வேறு என்பதை மட்டுமே. (அதுவே பெரிய பாய்ச்சல்தான்.) எந்த இடத்தில் மாற்றம் என்பதைத் தேடியவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய வெர்னன் இங்கிராம்: ஹீமோகுளோபினை ட்ரிப்சின் நொதியால் சிறு துண்டுகளாக வெட்டி வடிதாளில் பரப்பியபோது, ஏறத்தாழ 30 புள்ளிகளில் ஒன்றே ஒன்று இடம்மாறி நின்றது. அந்தத் துண்டில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்திற்குப் பதிலாக வேலின் என்ற அமினோ அமிலம் இருப்பதை அவர் 1957-இல் வெளியிட்டார்.

வடிவத்தைப் பொறுத்தவரை, ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாகும்போதுதான் சிவப்பணு வளைகிறது. ஆக்சிஜன் மீண்டும் கிடைத்தால் பெரும்பாலும் பழைய வட்ட வடிவுக்குத் திரும்புகிறது. பலமுறை வளைந்து சவ்வு சேதமடைந்த அணுக்களே நிரந்தரமாக அரிவாள் வடிவில் தங்கிவிடுகின்றன.