ஒரே மாநிலத்தவர் இருவர் சேர்ந்து நிற்கத் தடை இல்லை
2028 அமெரிக்க அதிபர் தேர்தலில் எந்த இருவர் ஜோடியாக நிற்கலாம் என்ற பட்டியலில், "ஜனநாயகக் கட்சியின் கேவின் நியூசமும் ரோ கன்னாவும் கலிபோர்னியாக்காரர்கள், அதனால் இருவரும் ஒரே டிக்கெட்டில் (அதிபர், துணை அதிபர் ஜோடியாக) நிற்க அரசியல் சாசனமே தடை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. 12ஆவது திருத்தம் வேட்பாளர்களைத் தடுக்கவே இல்லை. தேர்வாளர்களைத்தான் (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஓட்டுப் போடும் பிரதிநிதிகளை) கட்டுப்படுத்துகிறது, அதாவது கலிபோர்னியாவின் 54 தேர்வாளர்கள் மட்டும் அதிபர், துணை அதிபர் இரண்டுக்குமே தங்கள் மாநிலத்தவருக்கு ஓட்டுப் போட முடியாது, மற்ற மாநிலத் தேர்வாளர்களுக்கு அந்தச் சிக்கலே கிடையாது.

ஆனால் 54 சின்ன எண் இல்லை. 2000இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ், துணை அதிபர் வேட்பாளர் டிக் செனி இருவரும் டெக்சாஸில்தான் குடியிருந்தார்கள். அந்த ஜூலையில் செனி தன் வாக்காளர் பதிவைப் பழைய மாநிலமான வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார். கடைசியில் அவர்களுக்குக் கிடைத்த தேர்வாளர் ஓட்டு 271, தேவைப்பட்டது 270. டெக்சாஸின் 32 இல்லாமல் போயிருந்தால் செனி 239இல் நின்றிருப்பார், துணை அதிபரை செனட் தேர்ந்தெடுக்க வேண்டி வந்திருக்கும். வழக்குகூடப் போட்டார்கள், நிற்கவில்லை.

அப்புறம், பெர்னி சாண்டர்ஸ்–எலிசபெத் வாரன் ஜோடியையும் அவர் இதே கணக்கில் சேர்த்திருக்கிறார். சாண்டர்ஸின் வெர்மான்ட் வேறு, வாரனின் மாசசூசெட்ஸ் வேறு. பக்கத்துப் பக்கத்து மாநிலம் என்பதற்காக எந்த விதியும் குறுக்கே வராது.

எனக்குப் பிடித்த ஜோடி அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், ரோ கன்னா. நியூயார்க், கலிபோர்னியா. 2028 தேர்தலின்போது ஒகாசியோ-கோர்டெஸுக்கு வயது 39, குறைந்தபட்ச வயது வரம்பு 35தான். அவர்கள் ஜெயிப்பார்களா என்று தாராளமாக வாதாடுவோம், இல்லாத தடையைக் காட்டி யாரையும் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள்.