தலைக்கும் சேர்த்துத்தானே காசு வாங்கினீங்க?

போன மே மாதம் அப்பாவுக்கு எழுபது முடிந்தது. கேக்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சரி, நல்ல மீனாவது சாப்பிடட்டும் என்று சென்னையில் ஒரு கிரில் உணவகத்துக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். ஸ்டேக்கும் (தடித்த இறைச்சித் துண்டைச் சுட்டுத் தருவது) கடல் உணவும்தான் அவர்கள் சிறப்பு. வாசல் பக்கத்திலேயே ஐஸைக் கொட்டி, அதன் மேல் மீனைப் பரப்பி, மஞ்சள் விளக்கு போட்டு வைத்திருப்பார்களே, அந்த வகை.

அப்பாவுக்கு ஊர் நாகப்பட்டினம். மீனைப் பார்த்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். மெனுவைத் தொடவில்லை. நேராக ஐஸ் மேடைக்குப் போய் ஒரு கொடுவா மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்தார். வயிற்றை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தார். அப்புறம் நிதானமாக, "தம்பி, இது எந்தக் கடல்?"

"இன்னைக்குக் காலைல காசிமேட்டுல எடுத்தது சார். ஃப்ரெஷ் கேட்ச்."

மே மாதம் பாதி தாண்டியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுக்காரர்கள் கரையோரம் போய்க் கொஞ்சம் கொண்டுவருவார்கள், அது ஏலத்திலேயே பறந்துவிடும். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும் என்பதால் மே மாதம் கேரள மீனும் இங்கே வரும். ஆனால் அந்த மேடையில் இருந்த ஏழு கொடுவாவும் அச்சில் வார்த்தது போல ஒரே சைஸ். கடல் அப்படிக் கணக்குப் பார்த்துக் கொடுக்காது. அப்பா என் காதருகே குனிந்து, "வளர்ப்பு மீன்மா" என்றார்.

வளர்ப்பு மீன் என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மீன் நன்றாகவே இருந்தது. சொல்லப்போனால் கொடுவாவைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்து குஞ்சு எடுக்கும் முறையை இந்தியாவில் முதலில் செய்து காட்டியதே சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்தான், 1997-ல். முட்டுக்காட்டில் அவர்களுக்கு ஆய்வுப் பண்ணை இருக்கிறது. "உப்பங்கழிப் பண்ணையில் வளர்ந்த கொடுவா, தடைக்காலத்தில் கடலைத் தொந்தரவு செய்யாத மீன்" என்று பலகை வைத்தால் நானே நாலு பேரிடம் சொல்லிக் கூட்டிப்போவேன். எதற்கு அந்தப் பையனின் வாயில் ஒரு பொய்யை வைத்து அனுப்ப வேண்டும்?

மசாலாவில் ஊறிய மீனுக்கு ஊர் பேர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குழம்பு காப்பாற்றிவிடும். கிரில்லில் உப்பு, மிளகு, எலுமிச்சை, நெருப்பு, அவ்வளவுதான். விலை கொடுப்பதே பொருளுக்குத்தான். அந்தப் பொருள் என்னவென்று சொல்லமாட்டேன் என்றால் எப்படி?

ஸ்டேக் விஷயத்தில் இது இன்னும் மோசம். மெனுவில் "டெண்டர்லாயின்" என்று மட்டும் இருந்தது. எந்த விலங்கு என்று இல்லை. கேட்டதும் பையன் பக்கத்து மேஜையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "பீஃப்தான் மேடம்" என்றான். அப்பா மாட்டுக்கறி சாப்பிடமாட்டார், நான் சாப்பிடுவதற்கு முகம் சுளிக்கவும் மாட்டார். எழுபது வயதுக்காரருக்கே இல்லாத கூச்சம் மெனுவுக்கு எதற்கு?

சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வெளிநாட்டு மாட்டிறைச்சியை இந்தியாவுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. ஆக, தட்டில் இருப்பது நம்மூர் மாடு அல்லது எருமை. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாகப் பத்து வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று வாங்கிய மாட்டைத்தான் வெட்டலாம். அமெரிக்க ஸ்டேக்குக்கு வரும் இரண்டு வயது, தானியம் தின்று கொழுத்த மாடு வேறு, பத்து வருஷம் உழைத்த மாடு வேறு. நம் கறியில் கொழுப்புக் கம்மி, நார் அதிகம். அதனால்தான் இங்கே ஸ்டேக் என்றால் அண்டர்கட், அதாவது அந்த டெண்டர்லாயின். முதுகெலும்புக்கு அடியில் கிடக்கும் அந்தச் சதைக்கு வேலையே இல்லை, அதனால் கிழட்டு மாட்டிலும் மெத்தென்று இருக்கும்.

அதையும் கறியின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடானதும் இறக்கிவிடவேண்டும். 70 தாண்டினால் செருப்புத் தோல். நான் தெளிவாக மீடியம் ரேர், அதாவது நடுவில் சிவப்பு இருக்கவேண்டும் என்று சொன்னேன். வந்தது, புகை கக்கும் இரும்புத் தட்டில், கீழே முட்டைக்கோஸ் இலை கருக. அந்தத் தட்டு இருக்கிறதே, அது ஒரு இரண்டாவது அடுப்பு. புகை அடங்கி நான் கத்தி வைப்பதற்குள் நடுவில் இருந்திருக்கக்கூடிய கொஞ்சநஞ்ச சிவப்பும் சாம்பல் நிறம். கேட்டதற்கு, "ரத்தம் வருதுன்னு திருப்பி அனுப்பிடறாங்க மேடம், அதான் செஃப் எப்பவுமே நல்லா வேக வெச்சிடுவார்." அது ரத்தமே இல்லை. வெட்டும்போதே ரத்தம் வடிந்துவிடும். சிவப்பாகக் கசிவது தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். இதை மெனுவில் ஒரு வரி போட்டால் எத்தனை அண்டர்கட் பிழைக்கும்!

பில் வந்தது. சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். (கட்டாயமாகச் சேர்க்கக்கூடாது என்று 2022-லேயே விதி வந்தாயிற்று, தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. கேளுங்கள், எடுத்துவிடுவார்கள்.) மீன் கணக்கில்தான் அப்பாவின் விரல் நின்றது. 100 கிராம் 190 ரூபாய், எடை 1,150 கிராம், 2,185 ரூபாய். முழு மீனாக நிறுத்த எடை. மேஜைக்கு வந்ததோ தோலோடு சுட்ட இரண்டு துண்டு.

அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "தம்பி, தலைக்கும் சேர்த்துத்தானே காசு வாங்கினீங்க? தலை எங்க?"

பையன் உள்ளே ஓடினான். ஐந்து நிமிடம் கழித்து, கேக் வைக்கும் அழகான அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். உள்ளே கொடுவாத் தலையும் நடுமுள்ளும்.

மறுநாள் அம்மா அதில் புளிக்குழம்பு வைத்தாள்.