பூஜ்ஜியத்துக்குப் பச்சை விளக்கு

"ஒரே ஒரு வரிதான் மாற்றினேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தம்பி எல்.ஆர்.டி. ரயில் பிடிக்கப் போய்விட்டான். அந்த ஒரு வரிக்காகச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவன் நான். கீழே மாமாக் கடையில் வாங்கிவந்த தே தாரிக் தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

அவன் மாற்றியது, எங்கள் டைப்ஸ்கிரிப்ட் நிரலை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கம்பைலர் தரும் மாட்யூல் வடிவத்தை, அதாவது நிரல் துண்டுகள் ஒன்றையொன்று அழைக்கும் முறையை. ஏஎம்டி என்ற பழைய முறை போய் இஎஸ் மாட்யூல் என்ற முறை வந்தது. அதில் எனக்குச் சண்டை இல்லை. 2015-இலேயே ஜாவாஸ்கிரிப்ட் மொழித் தரத்தில் ஏறிவிட்ட சமாச்சாரம், நாங்கள்தான் ஆமை. செயலி ஜம்மென்று ஓடுகிறது. படுத்துக்கொண்டவை, அதைச் சரிபார்க்க நான் எழுதிய பிரவுசர் சோதனைகள்.

அவை வலைப்பக்கத்துக்குள் புகுந்து 'ரிக்வயர்' என்று கேட்டு, கூடை மாட்யூலைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். இப்போது ரிக்வயர் என்ற பெயரே அங்கே இல்லை. 'இம்போர்ட்' என்று மாற்றினால் கேட்டதும் தராது, காத்திருக்கச் சொல்கிறது. காத்திருந்தால், கோப்பே இல்லை என்று 404! கோப்புப் பெயரின் வாலில் '.ஜேஎஸ்' இல்லையாம். ஏஎம்டி மாட்யூல்களை ஏற்றித் தந்த பழைய ரிக்வயர்ஜேஎஸ் அந்த வாலைத் தானே ஒட்டிக்கொள்ளும். இப்போதோ டைப்ஸ்கிரிப்டின் '.டிஎஸ்' கோப்புக்குள் உட்கார்ந்துகொண்டு, கம்பைலர் இனிமேல்தான் பெற்றெடுக்கப்போகும் '.ஜேஎஸ்' கோப்பின் பெயரை நான் எழுத வேண்டும். பிள்ளை பிறக்குமுன்பே பெயர் சூட்டு விழா! சோதனைக்காக ஒரு ஃபங்ஷனை எடுத்துவிட்டுப் போலி ஒன்றை வைக்கப் பார்த்தேன். எக்ஸ்போர்ட் ஆனதைப் பார்க்கலாமாம், மாற்றக்கூடாதாம்.

இவற்றையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன், சிவப்பில் கத்தியாவது தொலைத்தன. ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு, மாற்றங்களைக் கூட்டிச் சரிபார்க்கும் பில்ட் சர்வர் பச்சை விளக்குக் காட்டியதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. துள்ளி எழுந்தேன். பிறகுதான், சோதனைகளை ஓட்டும் கருவியான மோக்காவின் கணக்கு கண்ணில் பட்டது. தேறியவை 0, தோற்றவை 0. சோதனைகள் இப்போது இருப்பது மாட்யூல் ஸ்கிரிப்டில். அது, பக்கம் முழுவதையும் பிரவுசர் படித்து முடித்த பிறகே ஓடும். மோக்காவைத் தொடங்கிவைக்கும் வரியோ சாதாரண ஸ்கிரிப்டில் இருந்தது. அது முந்திக்கொண்டு ஓடிவிட்டது. மாணவர் ஒருவரும் வந்து சேராத வகுப்பில் தேர்வை நடத்தி, யாரும் தோற்கவில்லை என்று முடிவும் அறிவித்தாயிற்று! வரியை அங்கே வைத்தவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூஜ்ஜியத்துக்கு எதற்கய்யா பச்சை விளக்கு?

திங்கள் காலை தம்பியிடம் இதைச் சொன்னேன். "பச்சைதானே காட்டியது அண்ணா, அப்படியே விட்டிருக்கலாமே" என்கிறான்.