சத்தம் கேட்டவுடன் கியர்பொக்ஸை இறக்க விடாதீர்கள்
“ஓட்டோ கியர் காரில் கரகரவென்று அரைக்கிற சத்தம் வந்தால் கியர்பொக்ஸ் முடிந்தது” என்று இங்கே வந்த கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. போன வருடம் நிலாவெளி வீதியில் என் காரிலும் இதே சத்தம்தான். ஒரு கராஜில் ஓட்டிக்கூடப் பார்க்காமல் பொக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். மனம் கேட்கவில்லை, திருகோணமலை டவுனில் தெரிந்த அண்ணர் ஒருவரிடம் காட்டினேன். நிறுத்திய காரில் பிரேக்கை நன்றாக மிதித்தபடி நியூட்ரல், டிரைவ், ரிவர்ஸ் என்று மாற்றிப் பார்த்தார்; சத்தமே இல்லை. ஓடும்போது வேகத்தோடு கூடியது, வலப்பக்கம் வளைத்தால் இன்னும் பலமாகக் கேட்டது. வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடது சில்லில் விழும் என்பதால், அப்புறம் ஜக் வைத்துத் தூக்கி, இடது முன்சில்லை ஒரு கையால் சுற்றிக்கொண்டு மறு கையால் ஸ்பிரிங்கைப் பிடிக்கச் சொன்னார். விரலுக்குள் மணல் அரைபடுகிற மாதிரி இருந்தது. பழுது கியர்பொக்ஸில் இல்லை, சில்லு உராயாமல் சுழல உதவுகிற வீல் பேரிங்கில்! நிற்கும்போதே கியரில் போட்டவுடன் அரைத்தால், அல்லது கியர்பொக்ஸின் அடியிலுள்ள ஒயில் தட்டில் (ஒயில் பான்) உலோகத் துண்டுகள் கிடந்தால் அது வேறு விஷயம், அதோடு ஓட்டவே கூடாது. அந்தத் தட்டிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டும் என்றால் அது வழமையான தேய்மானம். மேலே கருத்து எழுதிய ஒருவர் சிவிடி பொக்ஸுக்கும் (படிப்படியான கியர்கள் இல்லாத ஓட்டோ கியர் வகை) சாதாரண ஓட்டோ கியர் ஒயிலான ஏடிஎஃப் ஊற்றலாம் என்கிறார். தயவுசெய்து வேண்டாம், அதற்கென்று தனி ஒயில் இருக்கிறது.