பதக்கத்தில் மெர்லியின் பெயரும் இருந்திருக்க வேண்டும்

2024 மே 3 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த விழாவில், அமெரிக்காவின் உயரிய குடிமை விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் 19 பேருக்கு வழங்கப்பட்டது. அவர்களில் மூவர் உயிரோடு இல்லாதவர்கள். அந்த மூவரில் ஒருவர், மிசிசிப்பி மாநிலத்தின் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ். அவருக்கான பதக்கத்தை அதிபர் ஜோ பைடனிடமிருந்து பெற்றுக்கொண்டவர் அவருடைய மகள் ரீனா. தந்தை வீட்டு வாசலில் சுடப்பட்ட இரவில் ரீனாவுக்கு எட்டு வயது. பதக்கத்தை வாங்கிய அன்று எழுபதை நெருங்கியிருந்தார். அந்த விழாவின் காணொளியைப் பார்த்த நாளிலிருந்து, இந்த இரண்டு வயதுகளுக்கும் நடுவே கிடக்கும் காலம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மெட்கர் எவர்ஸ் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரராக ஐரோப்பாவுக்குச் சென்று திரும்பியவர். 1946இல், தம் அண்ணனோடும் சில நண்பர்களோடும் சொந்த ஊரான டிகேட்டரில் வாக்களிக்கச் சென்றபோது, ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. எந்த நாட்டுக்காகப் போரிட்டாரோ அந்த நாடு அவரை வாக்குச்சாவடிக்குள் நுழைய விடவில்லை. பிறகு காப்பீட்டு முகவராக மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக் காட்டுக் குடிசைகளுக்குள் சென்றபோதுதான், குத்தகைக் கடனில் தலைமுறை தலைமுறையாக மூழ்கிக் கிடந்த கறுப்பினக் குடும்பங்களின் வாழ்க்கையை அவர் நெருங்கிப் பார்த்தார். கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதிக்காத பெட்ரோல் நிலையத்தில் பெட்ரோல் வாங்காதீர்கள் என்ற இயக்கத்தில் அவர் இறங்கியது அந்தக் காலத்தில்தான். 1954இல் மிசிசிப்பி பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்தார், இடம் மறுக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில், கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் முதல் களச் செயலராக மிசிசிப்பியில் பொறுப்பேற்றார். மறு ஆண்டு 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் வெள்ளையர்களால் கொல்லப்பட்டபோது, பருத்தி பறிக்கும் கூலியாளைப் போல உடையணிந்து தோட்டங்களுக்குள் சென்று, பயந்து ஒளிந்திருந்த சாட்சிகளைத் தேடியவர்களில் அவரும் ஒருவர். சாட்சிகளைக் கண்டுபிடிப்பது காவல்துறையின் வேலை. அதை அவர்கள் செய்யாத இடத்தில் உயிரைப் பணயம் வைத்து இவர் செய்தார்.

ஜாக்சன் நகரில் அவரும் மனைவி மெர்லியும் வாழ்ந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டுக்குத் தெருவைப் பார்த்த முன்கதவு கிடையாது. காரை நிறுத்தும் கொட்டகையின் பக்கவாட்டில் வாசல் இருந்ததால்தான் அந்த வடிவத்தையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். சன்னல் வழியாகக் குண்டு வந்தால் படக்கூடாது என்பதற்காகக் குழந்தைகளின் மெத்தைகளைத் தாழ்வாகப் போட்டிருந்தார்கள். வெடிச்சத்தம் கேட்டால் தரையில் விழுந்து, தவழ்ந்து, குளியல் தொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் என்று மூன்று குழந்தைகளுக்கும் பழக்கியிருந்தார்கள். கடைசிக் குழந்தைக்கு அப்போது மூன்று வயது. எந்தத் தாயும் தகப்பனும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க விரும்பாத பாடம் அது.

1963 ஜூன் 11 மாலையில், குடிமை உரிமைச் சட்டம் கொண்டுவரப் போவதாக அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசினார். அப்பா வந்ததும் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று குழந்தைகள் தூங்காமல் காத்திருந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் கூட்டம் முடிந்து திரும்பிய மெட்கர், நிறவெறிச் சட்டங்கள் ஒழிய வேண்டும் என்ற வாசகம் அச்சிட்ட சட்டைகளைக் கையில் சுமந்தபடி காரிலிருந்து இறங்கியபோது, தெருவுக்கு அப்பால் புதரில் மறைந்திருந்தவன் முதுகில் சுட்டான். குண்டு அவருடைய உடலைத் துளைத்து, சன்னலைத் துளைத்து, சுவரையும் துளைத்து, சமையலறைக் குளிர்பதனப் பெட்டியில் மோதியது. பழக்கியிருந்தபடியே குழந்தைகள் முதலில் தரையில் விழுந்தார்கள். பிறகு வெளியே ஓடிவந்து, அப்பாவை எழுந்திருக்கச் சொல்லி அழுதார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் அவருடைய உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 37.

இனி பதக்கத்துக்கு வருகிறேன். இந்தப் பதக்கம் இப்போதுள்ள வடிவில் ஏற்படுத்தப்பட்டதே அதே 1963இல், கென்னடியின் ஆணையால்தான். ஜூன் 19 அன்று ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் மெட்கர் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 4 அன்று, பதக்கம் பெறவிருந்த முதல் அணியினரின் பட்டியல் அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் விழா நடந்தபோது கென்னடியே கொல்லப்பட்டிருந்தார். அவருக்கும் மறைவுக்குப் பிந்தைய பதக்கம் அந்த முதல் விழாவிலேயே வழங்கப்பட்டது. ஆகவே, இறந்தவருக்கு வழங்க விதி இடம் தரவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. என்.ஏ.ஏ.சி.பி. தன்னுடைய மிக உயரிய ஸ்பிங்கார்ன் பதக்கத்தை அந்த ஆண்டிலேயே அவருக்கு அளித்துவிட்டது. அவரோடு நின்றவர்களுக்குச் சில மாதங்கள் போதுமாக இருந்தன. அரசுக்கு 61 ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

தாமதத்துக்குக் காரணம் மறதி என்று சிலர் எழுதியதைப் படித்தேன். என்னால் அதை ஏற்க முடியவில்லை. கொலைக்குப் பயன்பட்ட துப்பாக்கி அருகிலிருந்த புதரிலேயே கிடைத்தது. அதன் தொலைநோக்கியில் பைரன் டி லா பெக்வித் என்பவனின் கைரேகை இருந்தது. 1964இல் இரண்டு முறை விசாரணை நடந்தது. வெள்ளை ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த இரண்டு ஜூரிகளும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ராஸ் பார்னெட் நீதிமன்றத்துக்கே வந்து, குற்றம் சாட்டப்பட்டவனின் கையைக் குலுக்கினார். நிறப் பாகுபாட்டைக் காப்பதற்கென்றே அமைக்கப்பட்டு, மக்கள் வரிப்பணத்தில் இயங்கிய மிசிசிப்பி மாநில இறையாண்மை ஆணையம், இரண்டாவது விசாரணையில் ஜூரிகளின் பின்னணியை விசாரித்து பெக்வித் தரப்புக்கு உதவியது. ஆணையத்தின் ஆவணங்கள் சட்டத்தின் பெயரால் முத்திரையிட்டுப் பூட்டப்பட்டிருந்தன. 1989இல் ஜெர்ரி மிச்செல் என்ற பத்திரிகையாளர் அதை வெளியே கொண்டுவந்தார். ஒரு பக்கம் அரசு வழக்கறிஞர் குற்றத்தை நிரூபிக்க வாதாட, மறுபக்கம் அதே அரசின் இன்னொரு கை குற்றவாளியைக் காப்பாற்ற உழைத்திருக்கிறது. வெளியே வந்த பெக்வித் 1967இல் துணை ஆளுநர் பதவிக்கே போட்டியிட்டான்.

அந்த முப்பது ஆண்டுகளும் வழக்கைச் சாகவிடாமல் வைத்திருந்தவர் மெர்லி. மூன்று குழந்தைகளோடு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்று, வேலைக்குப் போய்க்கொண்டே, மிசிசிப்பிக்கு வரும்போதெல்லாம் புதிய தடயம் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஆணையத்தின் வேலை அம்பலமானதும் வழக்கை மீண்டும் திறக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆனால், முதல் விசாரணையில் சாட்சிகள் சொன்னவற்றின் எழுத்துப்பதிவு நீதிமன்றத்தில் காணாமல் போயிருந்தது. அது இல்லாமல் இறந்துபோன சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பயன்படுத்த வழியில்லை. சான்றொப்பமிட்ட ஒரு பிரதியை அத்தனை ஆண்டுகளும் தம்மிடம் பாதுகாத்து வைத்திருந்த மெர்லி, அதை எடுத்துக் கொடுத்தார். அரசு தொலைத்துவிட்ட காகிதத்தைக் கொலையுண்டவரின் மனைவி காப்பாற்றி வைத்திருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 1994 பிப்ரவரி 5 அன்று, கறுப்பினத்தவர் எட்டுப் பேரும் வெள்ளையர் நால்வரும் அடங்கிய ஜூரி பெக்வித்தைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஆயுள் தண்டனை பெற்ற அவன் 2001இல் காவலில் இருக்கும்போதே இறந்தான். மெர்லி 1995இல் என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைவரானார்.

தீர்ப்பு வந்த பிறகும் பதக்கத்துக்கு இன்னொரு முப்பது ஆண்டு ஆனது. நமக்கு இது புதிதல்ல. 1956இல் மறைந்த அம்பேத்கருக்குப் பாரத ரத்னா 1990இல்தான் வழங்கப்பட்டது, அதையும் அவருடைய மனைவி சவிதா அம்பேத்கர்தான் பெற்றுக்கொண்டார்.

காலம் கடந்து வரும் விருது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிசிசிப்பியில் பள்ளிக்குப் போகும் ஒரு கறுப்பினக் குழந்தைக்கு, தன் மாநிலத்தில் பிறந்த இந்த மனிதரை நாடு மதிக்கிறது என்பது எழுத்தில் தெரிய வேண்டும். அதற்கு இந்தப் பதக்கம் உதவும். என் வருத்தம், இத்தகைய விருதுகள் பேசும் மொழியைப் பற்றியது. மறைந்தார், உயிர்நீத்தார், தியாகியானார் என்று எழுதிவிட்டால் கொன்றவனும் அவனைத் தப்பவிட்டவர்களும் வாக்கியத்திலிருந்தே வெளியேறிவிடுகிறார்கள். கொல்லப்பட்டார் என்ற செயப்பாட்டு வினைகூடப் போதாது, எழுவாயும் வேண்டும். பார்னெட் குலுக்கிய கையையும் ஆணையத்தின் கோப்புகளையும் ஒப்புக்கொள்ளும் அரசாணையோடு சேர்த்து இந்தப் பதக்கம் வந்திருந்தால், அது ரீனாவுக்குச் செய்த மரியாதையாகவும் இருந்திருக்கும்.

ஜாக்சனில் உள்ள அந்த வீடு இன்று தேசிய நினைவுச்சின்னம். அதற்கு மெட்கர், மெர்லி இருவரின் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ஜாக்சன் என்.ஏ.ஏ.சி.பி. அலுவலகத்தில் தட்டச்சு செய்ததிலிருந்து, நள்ளிரவு மிரட்டல் அழைப்புகளுக்குப் பதில் சொன்னதுவரை, அந்த வேலை இருவரும் சேர்ந்து செய்த வேலை என்பது வீட்டுக்குப் பெயர் வைத்தவர்களுக்குப் புரிந்திருக்கிறது. பதக்கத்துக்குப் பெயர் எழுதியவர்களுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். இறந்தவரின் பதக்கத்தை ஒரு பெட்டியில் வைத்துத்தான் கொடுக்க முடியும். அந்த மே 3 அன்று மெர்லிக்கு 91 வயது, உயிரோடு இருந்தார். அவருடைய கழுத்தில் அதை அணிவித்திருக்கலாம்.